வாசகர் கேள்வி-பதில்: பழைய ஹீட்டிங் டைமரை நாமே மாற்றலாமா?

குளிர் தொடங்கியதும் ஹீட்டிங் டைமர் பற்றிக் கடிதங்கள் வரத் தொடங்கிவிட்டன. பிரிட்டனில் உள்ள வீடுகளை மனதில் வைத்தே பதில் சொல்கிறோம். இது 230 வோல்ட் மின்சாரத்தோடு செய்யும் வேலை. டெஸ்டர் பிடித்துப் பழக்கம் இல்லாதவர்கள் இதைப் படித்து விஷயத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்; வேலையை மட்டும் எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

ஏரிங் கப்போர்டில் (வெந்நீர் சிலிண்டர் வைத்த அலமாரியில்) இருக்கும் எங்கள் டைமர் இருபது வருடப் பழசு. திரையில் எண்கள் பாதிதான் தெரிகின்றன. வெந்நீருக்கும் ஹீட்டிங்குக்கும் தனித்தனிப் பட்டன் உண்டு. புதிதாக ஒன்று வாங்கி நானே மாட்ட முடியுமா?
– வாசகர், ஹாரோ

முடியும். உங்களிடம் இருப்பது இரண்டு சேனல் டைமர். கடையில் புரோகிராமர் என்று கேளுங்கள். அதற்குள் நடப்பது எளிமையான காரியம். குறித்த நேரம் வந்ததும் ஒரு சின்ன ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) மூடும், லைவ் மின்சாரம் வெந்நீர்ப் பக்கமோ ஹீட்டிங் பக்கமோ போகும். பம்பும் பாய்லரும் எப்போது ஓட வேண்டும் என்பதை அதற்கு அப்பால் இருக்கும் தெர்மோஸ்டாட்டும் வால்வும் பார்த்துக்கொள்ளும். அதனால் டைமரை மாற்றுவது ஒரு சுவிட்சை மாற்றுவது போலத்தான். ஆனால் எந்த வயர் எங்கே போகிறது என்று தெரியாமல் கழற்றிவிட்டால், பத்து நிமிட வேலை இரண்டு நாள் இழுக்கும்.

வாங்கும் முன், பழுது டைமரில்தானா என்று பாருங்கள். ஹீட்டிங்கை ஆன் செய்து, அறை தெர்மோஸ்டாட்டை 25-க்கு மேல் ஏற்றுங்கள். டைமரில் 'டிக்' என்று ரிலே சத்தம் கேட்கிறதா? வெந்நீரைச் சேமிக்கும் சிலிண்டருக்குப் பக்கத்தில் குழாயில் பொருத்திய வால்வின் ஓரத்தில் ஒரு சிறு நெம்பு இருக்கும். வால்வுக்கு மின்சாரம் வந்து மோட்டார் நகர்ந்திருந்தால் அந்த நெம்பு விரல் பட்டாலே லொடலொடவென்று ஆடும். மின்சாரம் வராவிட்டால் ஸ்பிரிங் இறுக்கமாக எதிர்த்துத் தள்ளும். ஹீட்டிங் ஆன் என்று டைமர் காட்டி, நெம்பும் தளர்ந்திருந்து, பாய்லர் மட்டும் பற்றவில்லை என்றால் டைமர் தன் வேலையைச் செய்துவிட்டது. வால்வுக்குள் இருக்கும் மைக்ரோ சுவிட்சையோ பாய்லரையோதான் சந்தேகிக்க வேண்டும். உங்கள் விஷயத்தில் திரையே மங்கிவிட்டதால் மாற்றுவது நியாயம்தான்.

அடுத்து, சுவரில் இருக்கும் பின்தட்டு. பிரிட்டனில் பல நிறுவனங்களின் புரோகிராமர்கள் ஒரே மாதிரியான பின்தட்டில் உட்காரும். அதில் ஆறு டெர்மினல்கள் வரிசையாக இருக்கும்: என், எல், 1, 2, 3, 4. 'என்' நியூட்ரல், 'எல்' லைவ். 1 வெந்நீர் ஆஃப், 2 ஹீட்டிங் ஆஃப், 3 வெந்நீர் ஆன், 4 ஹீட்டிங் ஆன். எர்த் வயரை நிறுத்தி வைக்கத் தனியே ஒரு டெர்மினல் உண்டு. பழசும் புதுசும் இந்த வகை என்றால் வயரைத் தொடவே வேண்டாம். பழைய பெட்டியைக் கழற்றி அதே தட்டில் புதியதை மாட்டினால் போதும். முள்-டயல் வைத்த பழைய இயந்திர வகைகள் பலவற்றுக்கு, உதாரணமாக டான்ஃபாஸ் ராண்டல் 102-க்கு, தட்டும் எண் வரிசையும் வேறு. அங்கே எண்ணை எண்ணோடு பொருத்தினால் தவறாகிவிடும். பழைய டைமரின் கையேட்டில் ஒவ்வொரு டெர்மினலும் என்ன வேலை செய்கிறது என்று பார்த்து, வேலையை வேலையோடு பொருத்த வேண்டும்.

மின்சாரத்தை நிறுத்துவதில் அவசரம் கூடாது. ஹீட்டிங் முழுவதற்கும் 3 ஆம்ப் ஃபியூஸ் போட்ட ஒரு தனி சுவிட்ச் பாய்லருக்கு அருகிலோ ஏரிங் கப்போர்டிலோ இருக்கும். அதை அணைத்து, ஃபியூஸை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், வீட்டில் இன்னொருவர் "ஏன் குளிருது?" என்று சுவிட்சைத் தட்டினாலும் உங்கள் கை தப்பும். கன்ஸ்யூமர் யூனிட்டிலும் (வீட்டின் ஃபியூஸ் பெட்டி) அந்த பிரேக்கரைக் கீழே இறக்குங்கள். பழைய வீடுகளில் டைமருக்கு ஒரு சர்க்யூட்டிலிருந்தும் பாய்லருக்கு இன்னொன்றிலிருந்தும் மின்சாரம் எடுத்திருப்பதைப் பார்க்கலாம். ஒன்றை அணைத்தாலும் மற்றது வழியாக 3-லோ 4-லோ லைவ் திரும்பி வரும். ஆகவே இரண்டு முனை உள்ள வோல்டேஜ் டெஸ்டரை முதலில் லைவ் இருப்பதாக நிச்சயமாகத் தெரிந்த இடத்தில் சோதியுங்கள். பிறகு பின்தட்டின் ஒவ்வொரு டெர்மினலையும் நியூட்ரலோடும் எர்த்தோடும் வைத்துப் பாருங்கள். கடைசியில் டெஸ்டரை மறுபடி லைவில் வைத்து, அது இன்னும் வேலை செய்கிறதா என்று உறுதி செய்யுங்கள். தொடாமலே ஒளிரும் பேனா மாதிரியான டெஸ்டரை மட்டும் நம்பி கை வைக்காதீர்கள்.

கழற்றும் விதம்: டைமரின் அடிப்பக்கம் இரண்டு ஸ்குரூ இருக்கும். அவற்றை முழுதாக எடுக்க வேண்டாம், தளர்த்தினால் போதும். அடிப்பக்கத்தை உங்கள் பக்கம் இழுத்து மேலே தூக்கினால், மேல் விளிம்பில் உள்ள கொக்கியிலிருந்து பெட்டி விடுபடும். உடனே, எந்த வயரையும் அசைக்கும் முன், வெளிச்சத்தில் இரண்டு படம் எடுங்கள். ஒரே டெர்மினலில் இரண்டு வயர் இருந்தால் அதைத் தாளிலும் எழுதிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் 4-ல் இப்படி இருக்கும். இரண்டாவது வயர், கராஜிலோ மாடியறையிலோ உள்ள உறைபனித் தடுப்பு தெர்மோஸ்டாட்டிலிருந்து வருவதாக இருக்கலாம். அதை வெளியே விட்டுவிட்டால் இன்று ஒன்றும் தெரியாது. நீங்கள் ஊருக்குப் போன ஜனவரியில் குழாய் உறைந்து வெடிக்கும்போதுதான் தெரியும்.

தட்டையும் மாற்ற வேண்டியிருந்தால் ஒவ்வொரு வயரிலும் டேப் ஒட்டி, அதன் வேலையை எழுதுங்கள்: வெந்நீர் ஆன், ஹீட்டிங் ஆன் என்று. வயரின் உறையை 6 முதல் 7 மில்லிமீட்டர் சீவினால் போதும். டெர்மினலுக்கு வெளியே செம்பு தெரியக்கூடாது. உறையும் ஸ்குரூவுக்கு அடியில் சிக்கக்கூடாது. சிக்கினால் இறுகியது போலத்தான் இருக்கும், செம்பு தொடாது. இறுக்கியபின் ஒவ்வொரு வயரையும் மெல்ல இழுத்துப் பாருங்கள். டைமருக்கு எர்த் தேவையில்லை என்று கையேடு சொன்னாலும் எர்த் வயரை வெட்டாதீர்கள். வால்வுக்கும் பம்புக்கும் அந்த வழியாகத்தான் எர்த் போகிறது என்பது பல வீடுகளில் உண்மை.

தட்டில் மாட்டும் முன் புதிய பெட்டியின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். அங்கே சிறு சுவிட்சோ ஜம்பரோ (முனைகளைச் சேர்க்கும் சிறு இணைப்பு) இருக்கும். அதற்கு இரண்டு நிலைகள்: ஒன்று கிராவிட்டி, மற்றது முழு பம்ப். வெந்நீர் பம்ப் இல்லாமல் தானாகவே சுழலும் பழைய வகை வீட்டில் கிராவிட்டி. அங்கே ஹீட்டிங்கை மட்டும் தனியாக ஆன் செய்ய முடியாதபடி டைமர் பார்த்துக்கொள்ளும். மோட்டார் வால்வுகள் உள்ள வீட்டில் முழு பம்ப். பெட்டியை மாட்டியபின் இதை மாற்ற முடியாது, மறுபடி கழற்ற வேண்டும். பிறகு மேல் கொக்கியில் தொங்கவிட்டு அடிப்பக்கத்தை அழுத்துங்கள். சுலபமாக உட்காராவிட்டால் அமுக்காதீர்கள்; பித்தளைத் தகடு ஒன்று வளைந்திருக்கும்.

தட்டைத் திறந்தால் ஒரு கேபிளில் சிவப்பு, மஞ்சள், நீலம். இன்னொன்றில் பழுப்பு, கறுப்பு, சாம்பல். இதில் நியூட்ரல் எது?
– வாசகி, ஈஸ்ட் ஹாம்

நிறத்தை வைத்து முடிவு செய்யவே முடியாது என்பதுதான் பதில். பிரிட்டனில் நிலையான வயரிங்கின் நிறங்கள் 2004-ல் மாறத் தொடங்கின. 2006 ஏப்ரலுக்குப் பிறகு தொடங்கும் புது வேலைக்கு புதிய நிறம் கட்டாயமானது. அதற்கு முன் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல். இப்போது பழுப்பு லைவ், நீலம் நியூட்ரல். இதோடு நின்றிருந்தால் சிக்கல் இல்லை. ஆனால் ஹீட்டிங் வேலைக்கு மூன்று கம்பி கேபிள்தான் அதிகம் ஓடும். அதன் பழைய நிறங்கள் சிவப்பு, மஞ்சள், நீலம். அதில் வரும் நீலம் 230 வோல்ட் சுமக்கும் லைவாக இருக்கலாம். புதிய கேபிளில் பழுப்பு, கறுப்பு, சாம்பல். அதில் வரும் கறுப்பு பழைய நியூட்ரல் கறுப்பைப் போலவே இருக்கும், ஆனால் ஹீட்டிங் ஆன் லைவாக இருக்கக்கூடும்.

உங்கள் வீட்டில் இரண்டு காலத்து கேபிளும் இருக்கிறது. எனவே வயர் எந்த டெர்மினலில் செருகப்பட்டிருக்கிறது என்பதை மட்டும் பாருங்கள். 'என்'-ல் இருப்பது எந்த நிறமானாலும் நியூட்ரல் வேலை செய்கிறது. 3-லும் 4-லும் இருப்பவை நேரத்துக்கு ஏற்ப லைவ் ஆகுபவை. அவற்றின் நுனியில் பழுப்பு ஸ்லீவ் அல்லது டேப் சுற்றிவையுங்கள். அடுத்து திறப்பவர் உங்கள் மகனாகக்கூட இருக்கலாம்.

2-ல் ஒரு வயர் இருந்தால் நிதானியுங்கள். அந்த டெர்மினல் வழக்கமாகக் காலி. முன்பு யாரோ பயன்படாத வயரை அங்கே 'நிறுத்தி' வைத்திருக்கலாம். புதிய டைமரில் ஹீட்டிங் ஆஃப் ஆகும்போதெல்லாம் அதில் லைவ் வரும். மறுமுனை எங்கே போகிறது என்று தெரியும் வரை அதை ஒரு கனெக்டருக்குள் தனியே அடைத்து வையுங்கள்.

புது டைமர் மாட்டினேன். வெந்நீர் ஆன் செய்தால்தான் ஹீட்டிங் வேலை செய்கிறது. ஹீட்டிங் மட்டும் என்றால் பாய்லர் அசைவதில்லை. டைமர் பழுதா?
– வாசகர், டூட்டிங்

டைமர் பழுதில்லை. 1-ல் இருக்க வேண்டிய வயரை விட்டுவிட்டீர்கள், அல்லது அது சரியாக இறுகவில்லை.

உங்கள் வீட்டில் மூன்று வாய் உள்ள ஒரே வால்வு இருக்கிறது. இதை ஒய்-பிளான் என்பார்கள். அதிலிருந்து வரும் வயர்கள்: ஹீட்டிங் கேட்கும் வெள்ளை, வெந்நீர் வேண்டாம் என்று சொல்லும் சாம்பல், பாய்லரையும் பம்பையும் ஓடவிடும் ஆரஞ்சு, நியூட்ரல் நீலம், எர்த். வெள்ளையில் மட்டும் லைவ் வந்தால் வால்வு பாதி தூரம் நகர்ந்து நடுவில் நின்றுவிடும். ஆரஞ்சுக்கு மின்சாரம் வராது. வெள்ளையோடு சாம்பலிலும் லைவ் வந்தால்தான் வால்வு கடைசி வரை போய், ஆரஞ்சைத் தூண்டி, பாய்லரைப் பற்றவைக்கும். சாம்பலுக்கு லைவ் இரண்டு வழியில் வரும்: டைமரின் 1 வழியாக, அல்லது தண்ணீர் சூடானபின் சிலிண்டர் தெர்மோஸ்டாட் வழியாக. 1 அறுந்துவிட்டதால் இரண்டாவது வழி மட்டுமே மிச்சம். வெந்நீரை ஆன் செய்யும்போது பாய்லர் முதலில் வெந்நீருக்காகப் பற்றுகிறது, சூடானதும் தெர்மோஸ்டாட் சாம்பலுக்கு லைவ் கொடுக்கிறது. அதனால்தான் உங்களுக்கு அப்படித் தெரிகிறது.

மின்சாரத்தை நிறுத்தி, பழைய படத்தைப் பார்த்து, அந்த வயரை 1-ல் போடுங்கள். இரண்டையும் ஆஃப் செய்த பிறகும் வால்வின் தலை இளஞ்சூடாக இருந்தால் பயப்பட வேண்டாம். சாம்பலில் லைவ் இருக்கும் வரை இந்த வால்வு அப்படித்தான் இருக்கும்.

இரண்டு தனித்தனி வால்வு உள்ள எஸ்-பிளான் வீட்டில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே 3-ம் 4-ம் மட்டுமே வேண்டும்; 1 காலியாக இருப்பதுதான் சரி. ஹீட்டிங் கேட்டால் வெந்நீரும், வெந்நீர் கேட்டால் ஹீட்டிங்கும் வந்தால் 3-ம் 4-ம் இடம் மாறியிருக்கின்றன.

எங்களுடையது கோம்பி பாய்லர். டைமர் வாங்கினேன், உள்ளே 'எல்' டெர்மினலையும் 'காமன்' டெர்மினலையும் சேர்த்து ஒரு சின்ன வயர் துண்டு இருக்கிறது. அதை வைக்கவா, எடுக்கவா?
– வாசகர், வெம்ப்ளி

இந்தக் கேள்வியைக் கேட்டது நல்லதாயிற்று. இந்தத் துண்டு வயரால் பாய்லரின் சர்க்யூட் போர்டே கருகிப்போகலாம்.

கோம்பியில் வெந்நீர் குழாயைத் திறந்ததும் வரும் என்பதால் ஒரு சேனல் போதும். பாய்லர் தன் டைமருக்கென்று வைத்திருக்கும் இரண்டு முனைகளில் என்ன வோல்டேஜ் இருக்கிறது என்பதுதான் கேள்வி. சில பாய்லர்களில் 230 வோல்ட் திரும்பி வர வேண்டும்; சிலவற்றில் 24 வோல்ட் போன்ற குறைந்த வோல்டேஜ் மட்டுமே. பிந்தைய வகைக்கு வோல்ட்-ஃப்ரீ டைமர் தேவை: அது எந்த மின்சாரத்தையும் தானாக அனுப்பாது, இரண்டு முனைகளைச் சேர்க்கும், பிரிக்கும், அவ்வளவே. அந்தத் துண்டு வயரை அப்படியே விட்டால், ஹீட்டிங் ஆன் ஆன கணமே 230 வோல்ட் போய் 24 வோல்ட் போர்டில் விழும்.

எனவே பாய்லரின் கையேட்டில் வெளி டைமர் இணைப்புப் படத்தைப் பாருங்கள். குறைந்த வோல்டேஜ் என்றால் துண்டை எடுத்துவிட வேண்டும். டைமர் வழியாக 230 வோல்ட் லைவ் திரும்பி வரக் கேட்டால் துண்டு இருக்க வேண்டும். பாய்லர் பக்கத்திலும் தொழிற்சாலையில் போட்ட ஓர் இணைப்புத் துண்டு இருக்கும். அதை எடுக்காவிட்டால் டைமர் என்ன சொன்னாலும் ஹீட்டிங் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஓர் எல்லை உண்டு. பாய்லருக்குள் எரியும் அறையை மூடி அடைக்கும் உறையைக் கழற்றாமல் அந்த முனைகளை எட்ட முடியாது என்றால், அது கேஸ் சேஃப் (பிரிட்டனில் கேஸ் வேலை செய்பவர்களுக்கான பதிவேடு) பதிவு பெற்றவரின் வேலை. தனியே திறக்கும் வயரிங் பெட்டி இருந்தால் மட்டும் நீங்கள் கை வைக்கலாம்.

டயல் வைத்த பழைய டைமர். அக்டோபரில் நேரம் மாறியபின் ஒரு மணி நேரம் தப்பாக ஓடுகிறது. டயலைப் பின்னால் திருப்பலாமா?
– வாசகி, லெஸ்டர்

வேண்டாம், உள்ளே பற்சக்கரம் பழுதாகும். கடிகாரம் ஓடும் திசையிலேயே 23 மணி நேரம் முன்னால் திருப்புங்கள். மார்ச் கடைசி ஞாயிறன்று ஒரு மணி நேரம் முன்னால் தள்ளினால் போதும். மின்தடை எத்தனை நிமிடமோ அத்தனை நிமிடம் இந்த வகை பிந்தும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சிலிண்டரில் இருக்கும் இமர்ஷன் ஹீட்டரையும் (தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் மின் ஹீட்டர்) இதே டைமரில் இணைக்கலாமா?
– வாசகர், குரொய்டன்

கூடாது. இமர்ஷன் பொதுவாக 3 கிலோவாட்; 13 ஆம்ப் இழுக்கும். புரோகிராமரின் கான்டாக்ட் ஒருசில ஆம்பியருக்கே செய்தது. முதலில் கருகி ஒட்டிக்கொள்ளும், பிறகு ஆஃப் ஆகாது. இமர்ஷனுக்கென்றே விற்கும் டைமரை அதன் தனி சர்க்யூட்டிலேயே போடுங்கள்.

வாடகை வீட்டில் இருக்கிறோம். இதற்குக் கவுன்சில் அனுமதி வேண்டுமா?
– வாசகர், மில்டன் கீன்ஸ்

கவுன்சிலை விட வீட்டுக்காரரிடம் கேட்பதே முதல் வேலை. ஹீட்டிங் ஒழுங்காக ஓடுவது அவர் பொறுப்பு, மாற்றுவதும் அவர் செலவாக இருக்கக்கூடும். எழுத்தில் கேளுங்கள். இங்கிலாந்தில், இருக்கும் டைமரை அதே இடத்தில் மாற்றுவதைக் கட்டட விதிகளில் வீட்டு மின்வேலை பற்றிய 'பார்ட் பி' (Part P) கீழ் தெரிவிக்க வேண்டியதில்லை. புது சர்க்யூட் இழுப்பது, கன்ஸ்யூமர் யூனிட் மாற்றுவது, ஷவர், பாத்தொட்டி அருகே வயரிங்கை மாற்றுவது போன்றவற்றுக்குத்தான் தெரிவிக்க வேண்டும்.

போனிலேயே இயக்கும் ஸ்மார்ட் வகைக்கு மாறினோம். 21 வைத்தாலும் வீடு 18-க்கு மேல் ஏறுவதில்லை.
– வாசகி, பர்மிங்ஹாம்

ஹாலில் இருக்கும் பழைய தெர்மோஸ்டாட் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதில் 18 என்று இருக்கும், பாருங்கள். புதியதும் பழையதும் ஒரே வரிசையில் நிற்கின்றன, ஒன்று வெட்டினாலும் பாய்லர் நிற்கும். இன்றைக்கு அதை உச்சத்துக்குத் திருப்பி வையுங்கள். நிரந்தரத் தீர்வு: மின்சாரத்தை நிறுத்தி, பழைய தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, அதற்குள் வந்து போகும் லைவ் இரண்டையும் ஒரு கனெக்டரில் சேருங்கள். நியூட்ரல் வயர் இருந்தால் அதைத் தனிக் கனெக்டரில் அடையுங்கள். எர்த்தும் அப்படியே. மேலே ஒரு வெற்று மூடி.

நெஸ்ட் போன்ற சில ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் வகைகள் பழைய கேபிளையே 12 வோல்ட்டுக்குப் பயன்படுத்தும். அப்படிச் செய்வதானால் அந்தக் கேபிளின் மறுமுனையிலும் 230 வோல்ட்டைத் துண்டித்தாக வேண்டும். லைவ் இரண்டையும் டைமர் பக்கத்திலுள்ள வயரிங் பெட்டியில் சேர்க்க வேண்டும், ஹாலில் சேர்க்கக்கூடாது.

வெந்நீருக்கு டைமரில் எவ்வளவு நேரம் வைப்பது?
– வாசகர், கார்டிஃப்

காலையில் ஒரு மணி நேரம் வைத்துப் பாருங்கள், போதாவிட்டால் அரை மணி கூட்டுங்கள். நேரத்தை விட முக்கியம் சிலிண்டர் தெர்மோஸ்டாட்: அது 60 டிகிரியில் இருக்க வேண்டும். மிச்சம் பிடிக்கிறோம் என்று 45, 50-ல் வைத்தால் தேங்கிய தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற நோய் தரும் பாக்டீரியா வளரக்கூடும். 60-ஐ எட்டியதும் தெர்மோஸ்டாட்டே நிறுத்திவிடும், அதனால் டைமரில் அரை மணி கூடுதலாக இருந்தாலும் கேஸ் அதிகம் வீணாகாது. அது சிலிண்டரின் அடியிலிருந்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உயரத்தில், பட்டை தளராமல், செம்பை நேராகத் தொட்டபடி இருக்க வேண்டும். இடையில் நுரை உறை இருந்தால் தண்ணீர் உண்மையில் எவ்வளவு சூடு என்பதே அதற்குத் தெரியாது. அந்த இடத்தில் மட்டும் நுரையைக் கத்தியால் சதுரமாக வெட்டி எடுத்துவிட்டுப் பொருத்துங்கள்.